வாட்ஸ் கணக்கும் காதுக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்து ஊர்த் திருவிழாக்கள் தொடங்கிவிட்டால், ஒலிபெருக்கி இரைச்சலைக் கண்டிக்கும் வாசகர் கடிதங்களும் தங்கள் நாளிதழில் தொடங்கிவிடுகின்றன. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியும், தூக்கம் கெட்டு அவதிப்படும் முதியவர்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். அவற்றில் மிகை என்று ஒதுக்கத்தக்கது எதுவும் எனக்குத் தென்பட்டதில்லை. நான் காவேரிப்பட்டணத்தில் 30 ஆண்டுகளுக்கு மேலாக மைக் செட் வாடகைக்கு விட்டும், எரிந்துபோன ஸ்பீக்கர்களுக்குக் காயில் மாற்றிக் கொடுத்தும் பிழைத்து வருபவன் என்பதால், அக்கடிதங்களில் திட்டு வாங்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆயினும் அவற்றைப் படிக்கும்போதெல்லாம், முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறதே என்று தோன்றும். சத்தம் அதிகம் என்று எழுதும் வாசகர்களின் மனக்குறையும், சத்தம் போதவில்லை என்று எங்களிடம் சண்டைக்கு வரும் விழாக் குழுவினரின் மனக்குறையும் பெரும்பாலும் ஓரிடத்திலிருந்தே பிறக்கின்றன: பேசுவதும் பாடுவதும் விளங்கவில்லை. விளங்காததைச் சத்தத்தைக் கூட்டிச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணிப் பெட்டிமேல் பெட்டியாக அடுக்குகிறோம். ஒலிபெருக்கி எப்படி வேலை செய்கிறது என்பது வாடகைக்கு எடுப்பவர்களுக்கும், விடுகிற எங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தால் அவற்றில் பாதியை வண்டியிலிருந்து இறக்கவே வேண்டியிராது என்பது என் துணிபு. அதைத்தான் இக்கடிதத்தில் எழுத முயல்கிறேன். நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சென்ற மாதம் பர்கூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் 18 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். புதிதாக வாங்கியது, ஒரே திருவிழாவில் ஊமையாகிவிட்டது. "ஆயிரம் வாட்ஸ் என்று போட்டிருக்கிறது அண்ணா, நாங்கள் எண்ணூறைத் தாண்டவே இல்லை" என்று வருந்தினார். ஓரத்தை அறுத்து, ஸ்பைடர் என்னும் நெளிவுத் துணியைப் பிரித்து, நாங்கள் பேப்பர் என்று சொல்லும் கூம்பை வெளியே எடுத்ததும் கருகிய வார்னிஷின் நெடி கடை முழுதும் பரவியது. காயிலின் செம்புக் கம்பி கறுத்துச் சுற்றோடு சுற்று ஒட்டிப்போயிருந்தது. கம்பி சுற்றப்பட்ட குழல் சூட்டில் உப்பிக் கோணியிருந்தது. மேக்னெட்டின் நடுத்தண்டில் அது உரசிய தடம் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தது. அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. அவர் வாட்ஸ் என்று எதை நினைத்துக்கொண்டிருந்தாரோ அதுதான் அவரை ஏமாற்றியது.

அந்தப் பேப்பரின் அடிமுனையில், மெல்லிய குழலில் சுற்றப்பட்ட கம்பிச் சுருளே காயில். மேக்னெட்டின் நடுத்தண்டுக்கும் மேல்தகட்டுக்கும் இடையே வளையமாக ஓர் இடுக்கு உண்டு. அதன் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். காந்தத்தின் வலிமை முழுவதும் அந்த இடுக்கில் குவிந்திருக்க, அதற்குள் எதையும் தொடாமல் காயில் தொங்குகிறது. ஆம்ப்ளிபையரிலிருந்து வரும் மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்தால் காயில் முன்னே தள்ளப்படும். திசை மாறினால் பின்னே இழுபடும். தவில்காரரின் தொப்பிப் பக்கத்து ஒலி விநாடிக்கு 100 முறை அதிர்ந்தால் காயிலும் விநாடிக்கு 100 முறை முன்னும் பின்னும் போய்வரும். அதனோடு ஒட்டிய பேப்பர் காற்றை அதே கணக்கில் தள்ளி இழுக்கும். விளிம்பில் உள்ள மடிப்பும் அடியில் உள்ள நெளிவுத் துணியாகிய ஸ்பைடரும் காயிலை நடுவில் நிறுத்திப் பழைய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவரும். ஒலிபெருக்கியின் உள்ளே நடப்பது இவ்வளவே. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் 1925-ஆம் ஆண்டு இவ்வமைப்பை விவரித்து வெளியிட்டார்கள். காந்தமும் பசையும் பேப்பரும் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன என்றாலும், இன்று என் மேசையில் கிடக்கும் ஸ்பீக்கரின் எலும்புக்கூடு அவர்களுடையதுதான்.

காயில் மாற்றும்போது அந்த இடுக்கோடுதான் எங்கள் போராட்டம் எல்லாம். பழைய எக்ஸ்ரே பிலிமைக் கீற்றுக் கீற்றாக வெட்டி நடுத்தண்டுக்கும் காயிலுக்கும் இடையில் செருகி, காயில் சரியாக நடுவில் நின்றபின் ஸ்பைடரையும் விளிம்பையும் ஒட்டி, பசை காய்ந்ததும் கீற்றுகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். பிறகு இரண்டு கைகளின் விரல்களையும் பேப்பரின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து மெல்ல அழுத்திக் காதைக் கிட்டே கொண்டுபோனால், மணல் அரைபடுவதுபோல் ஓசை ஏதும் வரக்கூடாது. தலைமயிர் அளவு கோணினாலும், காந்தத்தில் ஒட்டிய ஓர் இரும்புத் தூள் உள்ளே போனாலும் 'கரகர' என்று காட்டிக் கொடுத்துவிடும்.

அந்த இளைஞரின் ஆயிரம் வாட்ஸுக்கு வருகிறேன். பேப்பர் கொண்ட சாதாரண கோன் ஸ்பீக்கருக்கு நாம் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு ஒலியாக மாறினாலே வழக்கமான அளவு. மேடைக்கென்று நன்றாகச் செய்யப்பட்டவற்றில் சில பங்குகள் மாறலாம். மீதி எல்லாம் சூடு. ஆயிரம் வாட்ஸ் என்பது ஏறத்தாழ ஒரு சலவைப் பெட்டியின் சூடு. அத்தனையையும் நான்கு அங்குல விட்டமுள்ள ஒரு கம்பிச் சுருள், துளியளவு காற்று புகும் இடுக்கில் இருந்துகொண்டு வெளியேற்ற வேண்டும். பெட்டியின் பின்னால் அச்சிட்டிருக்கும் வாட்ஸ், அந்தச் சுருள் கருகாமல் எவ்வளவு தாங்கும் என்று தயாரிப்பாளர் போட்ட எல்லை. அதிலும் தொடர்ந்து தாங்கும் அளவு ஒன்று, கண நேரம் தாங்கும் உச்ச அளவு வேறொன்று. பெரிய எண்ணாக இருப்பதால் பின்னதையே கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். ஸ்பீக்கர் எவ்வளவு உரக்கப் பேசும் என்பதை அந்த எண் சொல்வதில்லை.

அதைச் சொல்லும் எண் வேறொன்று இருக்கிறது. ஒரு வாட்ஸ் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) வருகிறது என்பதுதான் அது. சென்சிட்டிவிட்டி என்று விவரத் தாளில் சிறிய எழுத்தில் இருக்கும், யாரும் கேட்பதில்லை. ஒரு பெட்டிக்கு அது 90 என்றும் மற்றொன்றுக்கு 99 என்றும் வைத்துக்கொள்வோம். முதல் பெட்டிக்கு 800 வாட்ஸ் கொடுத்தால் வரும் சத்தம் இரண்டாவதற்கு 100 வாட்ஸ் கொடுத்தாலே வந்துவிடும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது 'கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள் போலும்' என்ற அளவில்தான் படும். சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது என்று காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும். 'பக்கத்து ஊரில் நாலு பெட்டி, நமக்கு எட்டு' என்று குழுவினர் தீர்மானிக்கும்போது வாடகை இரட்டிப்பாகிறது, காதுக்கு இரட்டிப்பாவதில்லை.

இதை நான் ஏட்டில் படித்ததைவிடப் பாலக்கோட்டுக்கு அருகே ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவில் கற்றுக்கொண்டேன் என்பதே உண்மை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இவ்விழா எப்படி நடக்கும் என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள்: பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, முடிவில் துரியோதனன் படுகளம். அவ்வூரில் சொற்பொழிவுப் பந்தலின் இரு பக்கமும், நான் கொண்டுபோகாத வேறொருவரின் பெட்டிகள், நான்கு நான்காகத் தரையிலிருந்து அடுக்கப்பட்டிருந்தன. பந்தலின் நீளம் 40 மீட்டர் இருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மூதாட்டிகள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டிருக்க, கடைசியில் நின்றவர்கள் 'என்ன சொல்கிறார்' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரசங்கியாரின் சொற்களில் உயிரெழுத்துகள் எல்லாம் பூதாகாரமாக உருண்டு வந்தன. மெய்யெழுத்துகள் காணாமல் போயிருந்தன. 'பாஞ்சாலி' என்பது 'ஆ…ஆ…ஈ' என்று கேட்டது.

இதன் காரணத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். தடையற்ற வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போது ஒலி 6 டெசிபல் குறைகிறது. தரையில் வைத்த பெட்டிக்கு 2 மீட்டரில் இருக்கும் மூதாட்டிக்கும் 32 மீட்டரில் நிற்பவருக்கும் இடையே தூரம் நான்கு முறை இரட்டிக்கிறது. அதாவது 24 டெசிபல் வேறுபாடு. பின்னால் இருப்பவருக்குப் போதுமாறு வைத்தால் முன்னால் இருப்பவரின் காது நோகும். தவிர, ஒலி முன்வரிசைத் தலைகளிலும் துணிமணிகளிலும் பட்டே பின்னால் போக வேண்டியிருக்கிறது. அடுத்தது, சொல்லை விளங்க வைக்கும் ச, ட, த, ப போன்ற எழுத்துகளின் ஓசைக் கூறுகள் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வு என்னும் கணக்கு) வரையிலான மேல்பகுதியில் இருக்கின்றன, அவற்றின் ஆற்றலும் குறைவு. அந்தப் பெட்டிகளிலோ தாழ்ந்த ஒலியை அளவுக்கு மீறிக் கூட்டி வைத்திருந்தார்கள். மூன்றாவது, பந்தலின் நடுவே தனியாகக் கட்டியிருந்த இன்னொரு ஜோடி. ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. மனிதப் பேச்சில் ஒரே சொல் இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்து விநாடியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் முன்பின்னாக வந்தால், அதாவது தூர வேறுபாடு 17 மீட்டரைத் தாண்டினால், காது அதை எதிரொலியாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கிவிடும். தெரு நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கும் ஊரில் நடுத்தெருவில் நின்று அறிவிப்பைக் கேட்டால் ஒன்றும் விளங்காததற்கும் இதுவே காரணம்.

அன்று மறுநாள் பகலுக்கு மட்டும் எனக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். நான் கொண்டுபோனவை இரண்டு காலம் ஸ்பீக்கர்கள்; சிறு ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் அடுக்கிய நீளப் பெட்டிகள். அவ்வாறு அடுக்கும்போது ஒலி பக்கவாட்டில் அகலமாகவும் மேலும் கீழும் குறுகலாகவும் பரவுகிறது. வானத்துக்குப் போய் வீணாவது மிச்சம். (பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று இதைப் படுக்கவைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு; அப்போது ஒலி வானத்துக்கும் தரைக்குமாக விரிந்து, பந்தலின் இரு ஓரங்களில் இருப்பவர்களுக்குக் குறைந்துபோகும்.) மைக்குக்குச் சற்று முன்னால், நான்கு மீட்டர் உயரக் கம்பத்தில், பந்தலின் கடைக்கோடியைப் பார்த்துச் சிறிது சாய்த்துக் கட்டினேன். உயரத்தில் இருப்பதால் முன்வரிசையும் கிட்டத்தட்ட நான்கு மீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. 24 டெசிபல் வேறுபாடு அதனாலேயே 18 ஆகக் குறைகிறது. பெட்டி நேரே நோக்குவதும் பின்வரிசையை ஆகையால் வேறுபாடு இன்னும் சுருங்குகிறது. நடுவில் இருந்த ஜோடியை அவிழ்த்துவிட்டேன். மிக்ஸரில் பிரசங்கியாரின் குரலுக்கு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினேன். எண்பது வயதுக்குக் குறையாத ஒரு பாட்டி எழுந்து போகும்போது என்னிடம், "இன்னிக்குத்தாம்பா பாஞ்சாலி சபையில என்ன கேட்டான்னு முழுசா கேட்டேன்" என்றார். விழாக் குழுத் தலைவரோ முகத்தைச் சுளித்தார். "சத்தமே இல்லையே அண்ணா, பக்கத்து ஊருக்குக் கேட்க வேண்டாமா?" என்றார். இரண்டையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இங்கே ஒரு கணக்கை வாசகர்கள் முன் வைக்கிறேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் அளவு. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அவ்விடத்தின் எல்லையில், அப்பகுதிக்கு உரிய அளவைவிட 10 டெசிபல் கூடுதலையோ 75 டெசிபலையோ, எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது; குடியிருப்பு நடுவே பகலில் அது 65 ஆகிறது. ஒரு வாட்ஸுக்கு 98 டெசிபல் தரும் பெட்டியை எடுத்துக்கொண்டால், 5 வாட்ஸில் அது ஒரு மீட்டரில் 105 டெசிபல் தரும். திறந்த வெளியில் 100 மீட்டரில் அது 65 ஆகிவிடும்; விழா இடத்தின் எல்லை அந்தத் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே 5 வாட்ஸ் 10 மீட்டரில் 85 டெசிபலும், 40 மீட்டரில் 73 டெசிபலும் கொடுக்கிறது. இருவர் ஒரு மீட்டர் இடைவெளியில் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 டெசிபல். ஆகவே அந்த 40 மீட்டர்ப் பந்தலுக்குச் சட்டத்தின் எல்லைக்குள் நின்று சொற்பொழிவு விளங்கச் செய்யச் சராசரியாக 5 வாட்ஸ் போதும். குரல் உயரும் இடங்களில் அலை வெட்டுப்படாமல் இருக்கப் பத்து மடங்கு இடம் விட்டாலும் 50 வாட்ஸ். அங்கே அடுக்கியிருந்தது எட்டாயிரம் வாட்ஸ் என்று பெட்டிகளின் மேல் எழுதியிருந்தது.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும்; நம் பகுதியில் ஸ்பீக்கரை வாங்கிவந்து பெட்டியைத் தச்சரிடம் செய்து கொள்ளும் வழக்கம் பரவலாக இருப்பதால், பணம் வீணாவதும் அங்கேதான் அதிகம். பேப்பர் முன்னால் காற்றை நெருக்கும் அதே கணத்தில் பின்னால் காற்றை நெகிழ்த்துகிறது. தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது. 100 ஹெர்ட்ஸுக்கு மூன்றரை மீட்டர். அதனால் முன்பக்க நெருக்கம் விளிம்பைச் சுற்றிப் பின்பக்கம் போய் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. பெட்டியில்லாத ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட்டுப் போட்டுப் பாருங்கள், தகரத்தில் தட்டுவதுபோல் இருக்கும்; அதையே கதவளவு பலகையில் துளையிட்டுப் பொருத்தினால் எங்கிருந்தோ தவில் வந்து சேரும். பெட்டியின் முதல் வேலை அந்த முன்பின் சண்டையை விலக்கிவைப்பதே. முழுக்க மூடிவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போல நின்று பேப்பரைக் கட்டுக்குள் வைக்கும். துளை விட்டுக் குழல் வைத்தால், காலிப் புட்டியின் வாயில் ஊதும்போது எழும் 'பூம்' ஓசையைப்போல, குழலில் உள்ள காற்று பெட்டிக்குள் உள்ள காற்றின் மேல் ஊஞ்சலாடி, குறிப்பிட்ட ஒரு தாழ்ந்த ஒலியில் பின்பக்க ஆற்றலையும் முன்னால் கொண்டுவந்து சேர்க்கும். பெட்டி பெரிதானாலும், குழல் நீண்டாலும் அந்த ஒலி இன்னும் தாழும். எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு கொள்ளளவு, எவ்வளவு நீளக் குழல் என்பதை ஊகத்துக்கு விடாமல் கணக்கிட்டுவிடலாம் என்று ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் காட்டினார். ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் அதை விரித்தெழுதினார். ஸ்பீக்கரின் இயல்பான அதிர்வெண், அதன் நெகிழ்ச்சிக்குச் சமமான காற்றின் கொள்ளளவு, அதன் ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பது ஆகிய எண்கள் இன்று நல்ல ஸ்பீக்கரோடு வரும் தாளில் அச்சிட்டே இருக்கின்றன.

நம் பட்டறைகளில் நடப்பது வேறு. சேலத்திலோ பெங்களூரிலோ ஓர் உயர்ந்த பெட்டியைப் பார்த்து வெளி அளவை நாடாவால் எடுத்துவந்து, உள்ளே விலை குறைந்த வேறொரு ஸ்பீக்கரை மாட்டுகிறார்கள். அந்தக் குழல் இந்த ஸ்பீக்கருக்கு வெட்டப்பட்டதன்று. குழல் இசைந்திருக்கும் ஒலிக்குக் கீழே பெட்டி பேப்பருக்கு எந்தப் பிடிப்பும் தராது. பிடிமானமில்லாத பேப்பர் அடித்துக்கொள்ளும். அதோடு, ஒரே அளவு சத்தத்துக்கு, ஒலி பாதியாகத் தாழும்போது பேப்பர் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும்: 100 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் ஆடினால் 50-இல் நான்கு, 25-இல் பதினாறு. நான் பிரித்த அந்த 18 அங்குல ஸ்பீக்கரில் காயிலின் அடிவிளிம்பு நசுங்கியிருந்தது. பின்தகட்டில் போய் மோதியிருக்கிறது. உள்ளே வந்த தாழ்ந்த ஒலியை வெட்டும் ஒரு வசதி அவர்களுடைய மிக்ஸரிலேயே இருந்ததாம். அந்தப் பொத்தான் எதற்கு என்று யாரும் சொல்லித்தரவில்லை.

என் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஊத்தங்கரைப் பக்கத்தில் ஒரு திருமண வரவேற்பு. இரண்டு பேஸ் பெட்டிகளில் ஒன்றுக்கு அன்று காலைதான் காயில் மாற்றியிருந்தேன். அவசரத்தில் அதன் இரு கம்பிகளையும் முனை மாற்றிப் பற்றவைத்துவிட்டேன். விளைவு, ஒரு பெட்டி முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தது. பெட்டிக்கு அருகே போனால் இடி முழக்கம், கூட்டத்தின் நடுவில் நின்றால் பேஸ் என்பதே இல்லை. நான் அதை வாட்ஸ் போதாமை என்று எடுத்துக்கொண்டு இரவெல்லாம் கூட்டிக்கொண்டே போய், விடியுமுன் இரண்டு காயில்களையும் எரித்துவிட்டேன். அன்றிலிருந்து கடையில் ஓர் ஒன்றரை வோல்ட் பேட்டரி எப்போதும் இருக்கும். சிவப்பு முனையில் நேர்முனையைத் தொட்டால் பேப்பர் வெளியே துள்ள வேண்டும். சில பழைய வகைகள் நேர்மாறாகச் செய்யும், ஆனால் ஒரு விழாவுக்குப் போகும் எல்லாப் பெட்டிகளும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 6 என்று காட்டினால் காயில் நலமாக இருக்கிறது என்று பொருள். காயிலின் மின்தடை வேறு, ஒலி பாயும்போது அது காட்டும் மொத்த எதிர்ப்பு வேறு.

சிறு ஆம்ப்ளிபையர் வைத்தால் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு என்பதும் முழு உண்மையன்று. தன் சக்திக்கு மேல் முறுக்கப்பட்ட ஆம்ப்ளிபையர் அலையின் உச்சியை வாளால் சீவியதுபோல் வெட்டிவிடும். வெட்டுப்பட்ட அலையில் மூலத்தில் இல்லாத உயர்ந்த ஒலிகள் ஏராளமாகப் பிறந்து நேரே ட்வீட்டர் என்னும், உயர்ந்த ஒலிக்கான சிறு ஸ்பீக்கருக்குப் போகின்றன, முடி அளவு கம்பி கொண்ட அதன் காயில்தான் முதலில் சாகும். மெல்லிய ஒயரும் அப்படித்தான் திருடும்: ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 50 மீட்டர் இழுத்தால் போகவர 1.7 ஓம், 4 ஓம் பெட்டியானால் கொடுத்த மின்சாரத்தில் முப்பது சதவிகிதம் வழியிலேயே சூடாகிவிடும்.

கூம்பு வடிவக் குழாய்களுக்குத் தடை என்ற அறிவிப்பு ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்பும் வருகிறது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. கனமான பேப்பருக்கும் லேசான காற்றுக்கும் ஒட்டாது. கூம்புக் குழாய் அந்த இரண்டையும் படிப்படியாக இணைத்துவிடுவதால், கோன் ஸ்பீக்கர் ஒரு பங்கு ஒலியாக்கும் மின்சாரத்தில் குழாய் பத்து, இருபது பங்குகூட ஆக்கிவிடும். அந்தக் குழாய் உள்ளே மடங்கித் திரும்பி வருவது நீளத்தைச் சுருட்டி வைக்கவே. வாய் சிறியதாக இருப்பதால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் பேச முடியாது; காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியில் மட்டும், ஒரே திசையில், மிக வலுவாகப் பேசும். அதனால் மூன்று ஊர் தாண்டியும் கேட்கிறது, அருகில் இருப்பவருக்கு எரிச்சலும் ஊட்டுகிறது. சரி, அதை இறக்கிவிட்டோம். அதன் இடத்துக்கு வந்தது என்ன? மினி லாரி நிறைய பேஸ் பெட்டிகள். குழாயைத் திருப்பி வைக்கலாம், பேஸைத் திருப்ப முடியாது. மூன்று நான்கு மீட்டர் நீள அலை பெட்டியையும் சுவரையும் வளைத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் போகும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அதிரவைக்கும், மூடிய சன்னலுக்குள்ளும் வரும். மேலும், சட்டம் சொல்லும் டெசிபல், காதின் இயல்புக்கு ஏற்பத் தாழ்ந்த ஒலிகளைக் கழித்துக் கணக்கிடுவது. 100 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபலும், 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலும் அளவுமானியே தள்ளுபடி செய்துவிடுகிறது. எனவே பாத்திரம் அதிரும் வீட்டு வாசலில் நின்று அளந்தாலும் கருவி சாதுவாகவே காட்டக்கூடும்.

இரவுக் கூத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி; ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். கூத்தோ விடியும்வரை நடப்பது. மைக் இல்லாத காலத்தில் கூத்தர்கள் உச்சக் குரலில் பாடியும், முகவீணை அதைத் தொடர்ந்தும் களம் முழுவதையும் கட்டிப்போட்டார்கள் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்; அவ்வுயர்ந்த குரல்தான், மேலே சொன்ன, காது கூர்மையாக இருக்கும் பகுதி. பந்தலுக்குக் குறுக்கே கயிற்றில் மூன்று மைக்குகளைத் தொங்கவிட்டு, கூத்தர் தொலைவில் நிற்பதால் வால்யூமை ஏற்றி, ஏற்றியதால் மைக் ஊளையிட, ஊளையை அமுக்கக் குரலையே அமுக்கும் இன்றைய ஏற்பாட்டில் கூத்தருக்கு என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை. விதிக்கும் விடியும்வரை நடக்கும் கூத்துக்கும் உள்ள முரணை நான் தீர்த்துவைக்க இயலாது.

விழாக் குழுவினருக்கு என் வேண்டுகோள் ஒன்றே. முன்பணம் கொடுக்குமுன் எங்களிடம் 'எத்தனை பெட்டி, எத்தனை வாட்ஸ்' என்று கேட்பதோடு, 'எங்கே, எவ்வளவு உயரத்தில், எதைப் பார்த்துக் கட்டுவீர்கள். சென்சிட்டிவிட்டி எவ்வளவு' என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர்கள் இரண்டொரு விழாவுக்குள் தெரிந்துகொள்வார்கள், ஏனென்றால் வாடகை போய்விடும். அனுமதி தரும் காவல் துறையினரும் பெட்டிகளை எண்ணுவதோடு நில்லாமல், அவை நிற்கும் இடத்தைக் காட்டும் ஒரு கைவரைபடத்தை விண்ணப்பத்தோடு கேட்கலாம்.

வரும் பருவத்தில் காவேரிப்பட்டணத்துக்கு 40 கிலோமீட்டருக்குள் பாரதச் சொற்பொழிவு வைக்கும் எந்த ஊராக இருந்தாலும், ஒரு நாள் பகல் நிகழ்ச்சிக்கு என்னிடம் உள்ள அந்த இரண்டு காலம் ஸ்பீக்கர்களையும் வாடகையின்றிக் கொண்டுவந்து கட்டிக் காட்ட ஆயத்தமாக இருக்கிறேன். நான்கு மீட்டர்க் கம்பம் இரண்டும், கயிறும், ஏறிக் கட்ட ஓர் ஆளும் ஊரார் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மைக் செட் உரிமையாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.